பாஸ்புக்கில் 4 லட்சம், வாத்தியாருக்கு 4 மாதப் பாக்கி

2023 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கலை மையத்தின் செயலாளர் அக்கா மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பையில் ஒரு பேங்க் பாஸ்புக், 192 பக்க நீள நோட்டு ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட ரசீது புத்தகங்கள் மூன்று. "தம்பி, நீ ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கற, இதக் கொஞ்சம் பாத்துக் குடு. கணக்கெல்லாம் சரியாத்தான் கீது, வருமான வரிக்குப் போடணுமாம்" என்றார். பாஸ்புக்கைத் திறந்தேன். மார்ச் 31 அன்று இருப்பு ரூ. 4,12,600. கிராமத்துச் சங்கம் ஒன்றுக்கு இது நல்ல தொகை. "நல்லாத்தானே இருக்கு அக்கா" என்று நானும் சொல்லிவிட்டேன். அன்று சாயந்திரம் நோட்டைப் புரட்டி முடிப்பதற்குள் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் வேலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் இரண்டு வருஷமாக அந்த மையத்தின் கணக்கையும் பார்க்கிறேன், சம்பளம் இல்லாமல். மையத்தின் பெயர் வேண்டாம், கணக்கை அப்படியே எழுதிக்கொள் என்று கமிட்டி சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். இதே நிலைமையில் இருக்கும் சங்கங்கள் பழைய வட ஆற்காடு முழுக்க இருக்கின்றன, அவர்களுக்கு உதவும் என்றுதான்.

மையம் என்றால் ஒரு பழைய ரைஸ் மில் குடோன். மேலே தகரக் கூரை, உள்ளே சிமெண்டுத் தரை, ஒரு ஓரத்தில் ஒன்றரை அடி உயர மேடை. தெருக்கூத்து, மிருதங்கம், பெரிய மேளம் மூன்றும் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகள் 62 பேர். பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள், லுங்கி நெய்கிறவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பக்கத்துக் கூத்துக்கு எல்லாம் தாய்வீடு மாதிரி சொல்கிற புரிசை இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போனது. 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். கூத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது, ஆனால் நன்கொடைக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

4,12,600 யாருடைய பணம்

ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பாஸ்புக் வரவோடு ஒத்துப் பார்த்தேன். வரவு எல்லாம் சரி, ஒரு ரூபாய் தவறவில்லை. அக்கா அவ்வளவு சுத்தம். டீ 120, தெர்மாகோல் 40, சலங்கைக்குக் கயிறு 30 என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். குறை அதில் இல்லை. எல்லாப் பணமும் ஒரே கணக்கில், ஒரே தொகையாக நின்றதுதான் குறை.

அதில் ரூ. 1,80,000 ஒரு அரசு மானியத்தின் முதல் தவணை. புதுக் கூத்து ஒன்றைத் தயாரித்து அரங்கேற்ற வேண்டும் என்று வந்தது. வேறு எதற்கும் தொடக் கூடாது. ரூ. 1,35,000 கூரைக்காக ஊரில் வசூலித்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழையில் குடோன் முழுக்க ஒழுகியது, அடுத்த வருஷம் வீடு வீடாகப் போய் கூரை மாற்ற என்று சொல்லி வாங்கினார்கள். ரூ. 22,000 கோடை முகாமுக்கு முன்பணமாகக் கட்டியது, முகாம் இன்னும் நடக்கவே இல்லை. ரூ. 14,000 மிருதங்கத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிற பிள்ளைகள் தலைக்கு 1,000 வீதம் கட்டிய டெபாசிட், கருவியைத் திருப்பினால் திருப்பித் தர வேண்டும்.

கூட்டினால் 3,51,000. மீதி 61,600.

அந்த 61,600-ம் தங்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "தர வேண்டியது" என்று எழுதியிருந்தது. கூத்து வாத்தியாருக்கு மாதம் 8,000 வீதம் 4 மாதம், மிருதங்க வாத்தியாருக்கு 6,000 வீதம் 3 மாதம், மைக் செட் கடை 5,500, கரண்டு பில் 4,300. மொத்தம் 59,800.

ஆகக் கடைசியில் மையத்தின் சொந்தப் பணம் ரூ. 1,800.

அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப அந்த நாலு லட்சம்?" என்றார். "அதெல்லாம் பேர் எழுதின பணம் அக்கா" என்றேன். அந்தச் சொல் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் எங்கள் கமிட்டியில் "பேர் எழுதின பணம்", "பொதுப் பணம்" என்றுதான் பேசுகிறோம். ஆடிட்டர்கள் சொல்கிற வார்த்தைகளைவிட இது எல்லோருக்கும் உடனே புரிகிறது.

குறையை யார் சுமந்தது

மாதச் செலவைப் போட்டுப் பார்த்தோம். கூத்து வாத்தியார் 8,000, மிருதங்கம் 6,000, பெரிய மேளம் சொல்லித் தருகிற அண்ணனுக்கு 5,000, பெருக்கித் துடைத்துப் பூட்டு சாவி பார்க்கிற அம்மாவுக்கு 4,000, கரண்டு சராசரி 2,400, ஜெராக்ஸ் போன் இத்யாதி 1,600, கருவி ரிப்பேர், பிள்ளைகளுக்கு சுண்டல் பிஸ்கெட் எல்லாம் சேர்த்து 3,000. மொத்தம் 30,000. வருஷத்துக்கு 3,60,000.

வரவு இப்படி: மாதக் கட்டணம் 200, ஆனால் 62 பேரில் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் 35 பேர், அதனால் 7,000. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று கூடத்தை வாடகைக்கு விடுவதில் 4,000. மாதம் 500 தருகிற நண்பர்கள் 9 பேர், அது 4,500. மாதத்துக்கு 15,500 தான். வருஷத்துக்கு 1,86,000. இதற்கு மேல், தோல் வியாபாரம் செய்கிற ஒரு பெரியவர் ஒவ்வொரு தையிலும் 1,50,000 தருவார். எல்லாம் சேர்ந்தால் 3,36,000. இன்னும் 24,000 குறைகிறது.

வருஷம் 24,000 என்றால் பெரிதாகத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு 48,000. இப்போது வாத்தியார்கள் இரண்டு பேருக்கும் நின்றுபோன பாக்கியைப் பாருங்கள்: 32,000-ம் 18,000-ம் சேர்ந்து 50,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. மையத்தின் நஷ்டத்துக்கு இரண்டு வருஷமாகக் கடன் கொடுத்தது பேங்கும் இல்லை, நன்கொடையாளரும் இல்லை, அங்கே பாடம் சொல்லித் தருகிற கலைஞர்கள். யாரும் அவர்களைக் கேட்டு வாங்கவில்லை, அவர்களும் கொடுத்ததாகச் சொல்லவில்லை. கையில் பணம் குறையும் மாதங்களில் கரண்டு பில்லைக் கட்டினார்கள், ஏனென்றால் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். வாத்தியாரிடம் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்கள், ஏனென்றால் அவர் சரி என்று சொல்லிவிடுவார்.

கமிட்டியில் இதைச் சொன்னபோது தலைவர் ஐயா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பேங்கில் இவ்வளவு இருக்கும்போது ஏன் பயப்படுகிறாய் என்றார். பேர் எழுதின பணத்தைத் தனியாக, பொதுப் பணத்தைத் தனியாக, ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டினேன். அதன் பிறகு அவரே, இருக்கிற 61,600-ல் முதலில் பாக்கியைத் தீர்த்துவிடு, மிச்சம் எவ்வளவு நின்றாலும் பரவாயில்லை என்றார். அதுதான் இந்த இரண்டு வருஷத்தில் கமிட்டி எடுத்த நல்ல முடிவு என்று நினைக்கிறேன். 1,800 ரூபாயை வைத்துக்கொண்டு அடுத்த மாதத்தை எதிர்கொள்வது சாதாரண தைரியம் இல்லை.

கூத்து வாத்தியார் அப்போது ஊரில் இல்லை. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் அவர்களுக்குப் பாரதம் நடக்கிற காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயந்திரம் தீமிதி. பணத்தை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் அவர் ஆடுகிற ஊருக்கே போனோம். கோயில் பின்னால் ஓலைக் கொட்டகையில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் பாதிக்கு அரிதாரம் பூசியாகிவிட்டது, கண்ணுக்குக் கீழே இன்னும் கோடு போடவில்லை, பக்கத்தில் தோளில் கட்டுகிற புஜக்கீர்த்தியும் மார்ப்பதக்கமும் துணி விரித்து வைத்திருந்தது. கவரைக் கொடுத்தேன். எண்ணவில்லை. "நான் கேட்டேனா சார்?" என்றார். வவுச்சரில் கையெழுத்து வேண்டும் என்றேன். பேனாவை வாங்கிப் போட்டார். கையில் இருந்த சிவப்புச் சாயம் தாளில் ஒட்டிக்கொண்டது. ரேவென்யூ ஸ்டாம்புக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்த அந்த வவுச்சர் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. அந்த வருஷத் தணிக்கையில் ஆடிட்டர் சார் அதைப் பார்த்துவிட்டு இது என்ன கறை என்று கேட்டார், சொன்னேன்.

வரும் வழியில்தான் அக்கா சொன்னார், பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வாத்தியார் வீட்டு நகையை அடகு வைத்திருக்கிறாராம். அந்த நான்கு மாதப் பாக்கிக்கு அவர் கட்டிய வட்டி எங்கள் எந்த நோட்டிலும் வராது. ஆனால் அதுவும் இந்த மையத்தின் செலவுதான்.

கைக்காசு எப்போது வரும், எப்போது போகும்

வருஷக் கணக்கு சரியாக இருந்தாலும் மாதக் கணக்கில் மூச்சு முட்டும். எங்கள் மையத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு வருவது ஏப்ரல், மே. எந்தக் கலை வகுப்புக்கும் காசு பார்க்கிற மாதங்கள் அவை. ஆனால் கூத்துக் கலைஞர்கள் ஊரில் இல்லாத மாதங்களும் அவையே. ஜூன், ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்து பெற்றோர் கையில் காசு இருக்காது, நோட்டு, பை, செருப்பு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். கட்டணம் சரியாக வர ஆரம்பிப்பது ஆவணியில். பெரியவரின் பணம் தையில். அதனால் சித்திரை முதல் ஆடி வரைக்கும் மையம் வறண்டு கிடக்கும், அப்போதுதான் பாக்கி ஏறும்.

இதைக் காலண்டரில் எழுதிச் சுவரில் மாட்டிய பிறகுதான் கோடை முகாமை மாற்ற முடிந்தது. அதுவரை முகாம் என்றால் கூத்து அடவு சொல்லித் தருவது, வாத்தியார் இல்லாததால் அவருடைய மூத்த மாணவர் ஒருவர் அரைகுறையாகச் செய்வார். 2024-ல் முகாமுக்குக் கூத்து அடவை விட்டுவிட்டு, கிரீடம் செய்கிற வேலையையும் பெரிய மேளத்தையும் வைத்தோம். கூத்துக் கிரீடத்துக்குக் கல்யாண முருங்கை மாதிரி லேசான கட்டையைச் செதுக்கி, தங்கத் தாள், கண்ணாடிச் சில்லு ஒட்டுவார்கள். பிள்ளைகளுக்குக் கட்டைக்குப் பதில் அட்டை. அந்த வேலை தெரிந்த ஒரு பெரியவர் வயதாகிவிட்டதால் ராக்கூத்துக்குப் போவதில்லை, அவர் வந்து உட்கார்ந்தார். 25 பேர் வீதம் இரண்டு முறை, தலைக்கு 800. வரவு 40,000, செலவு 22,000, மிச்சம் 18,000. வீட்டுக்குக் கொண்டு போன கிரீடத்தைப் பார்த்துவிட்டு ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், அது கணக்கில் தனியாகத் தெரியாது.

மானியமும் பணத்தட்டுப்பாட்டைக் கூட்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. எங்களுக்கு வந்தது மொத்தம் 2,40,000-க்கான மானியம். முக்கால் பங்கு முதலில் வரும், கால் பங்கு, அதாவது 60,000, நிகழ்ச்சி முடிந்து ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய பிறகு வரும். நிகழ்ச்சியோ முழுதாக நடந்தாக வேண்டும். அப்படியானால் 60,000-ஐ நாம் முதலில் போட வேண்டும். 1,800 ரூபாய் இருக்கிற சங்கம் எங்கே போகும்? தலைவர் ஐயா வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்தார். தீர்மானம் போட்டு, கமிட்டி கையெழுத்து வாங்கி, கடைசித் தவணை வந்ததும் மறுநாளே செக்காகத் திருப்பினோம். தலைவர் அப்படி இல்லாத சங்கம் என்ன செய்யும் என்று எனக்கு இன்னும் கவலை. மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தக் கால் பங்கை யார் முன்போடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், பதில் இல்லையென்றால் தொகையைக் குறைத்துக் கேளுங்கள்.

ரசீது கேட்ட அம்மா

கட்டணத்தை உயர்த்தலாமா என்று பேச்சு வந்தது. மாதச் செலவு 30,000-ஐ 62 பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு 484 ஆகிறது, வாங்குவது 200. ஆனால் 200-ஐயே 27 வீடுகள் கட்டவில்லை, 300 ஆக்கினால் யார் கட்டுவார்கள்? பெற்றோர்களைக் கூப்பிட்டு, கணக்குத் தாளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். ஒரு அம்மா, பீடி சுற்றுகிறவர், எழுந்து சொன்னார்: "எரநூறு வாங்கறீங்க, ரசீது குடுக்கறது இல்ல. எந்த மாசம் கட்டினேன், எந்த மாசம் கட்டலன்னு எனக்கே தெரியல. அட்டை ஒண்ணு குடுங்க, நான் கரெக்டா கட்டறேன்." நன்கொடைக்கு மூன்று ரசீது புத்தகம் வைத்திருந்தவர்கள் பிள்ளைகள் கட்டணத்துக்கு ஒரு அட்டை போடவில்லை!

பால் கார்டு மாதிரி 12 கட்டம் போட்ட அட்டை அச்சடித்தோம். முடியாதவர்களுக்கு இலவசம், சாதாரணமாக 200, முடிந்தவர்களுக்கு 350. எது என்று வீட்டாரே அக்காவிடம் தனியாகச் சொல்ல வேண்டும், யாரும் சான்றிதழ் கேட்க மாட்டோம். எல்லோரும் இலவசம் கேட்பார்கள் என்று கமிட்டியில் இரண்டு பேர் பயந்தார்கள். 2025 மார்ச்சில் 66 பிள்ளைகளில் இலவசம் 18, 200 கட்டுகிறவர்கள் 33, 350 கட்டுகிறவர்கள் 15. மாத வரவு சராசரி 11,800. அந்த அம்மா 200 கட்டுகிறார், அட்டையில் ஒரு கட்டம் காலி இல்லை.

வரி, பதிவு, சட்டம்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும், ஆனால் நிறையச் சங்கங்கள் விழுவது இங்கேதான். இதில் சொல்கிற வரி விதிகள் 2025 தொடக்கத்தில் இருந்தபடி. சங்கப் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். எங்களுக்கு இரண்டு வருஷம் விட்டுப்போயிருந்தது, அபராதத்தோடு முடித்தோம். இதைவிடப் பெரிய ஆபத்து வருமான வரிப் பதிவில் இருந்தது. பழைய 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை) பதிவு வைத்திருந்த எல்லோரும் படிவம் 10ஏ போட்டு மறுபடி பதிய வேண்டும் என்று 2021-ல் விதி மாறியது. மையத்தில் யாருக்கும் தெரியாது. நல்லவேளையாகக் கடைசித் தேதியைப் பல முறை நீட்டித்தார்கள், 2023 செப்டம்பர் 30-க்குள் போட்டுவிட்டோம். அந்தப் பதிவு 5 வருஷக் கணக்கு, 2026-27 மதிப்பீட்டு ஆண்டு வரைக்கும்தான். புதுப்பிக்க 2025 செப்டம்பர் 30-க்குள் படிவம் 10ஏபி போட வேண்டும் என்று அக்கா காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தார்.

80ஜி இருந்தாலும் 2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் தருகிறவருக்கு வரிச் சலுகை கிடையாது. அதனால் வாசலில் கியூஆர் கோடு ஒட்டினோம். ஒவ்வொரு வருஷமும் மே 31-க்குள் படிவம் 10பிடி போட்டு, நன்கொடை தந்தவர்கள் பட்டியலைக் கொடுக்க வேண்டும், தவறினால் நாளைக்கு 200 ரூபாய் ஏறும். இவ்வளவும் செய்து முடித்தபோது, மாதம் 500 தருகிற நண்பர்களில் சிலர் "எனக்கு 80ஜி சர்டிபிகேட் வேணாம், நான் புது முறைக்கு மாறிட்டேன்" என்றார்கள். புது வரி முறையில் 80ஜி கழிவு இல்லை, 2023-24 முதல் அதுவே எல்லோருக்கும் இயல்பான முறையாகவும் ஆகிவிட்டது. மாதச் சம்பளக்காரர்களிடம் வரிச் சலுகை என்று சொல்லிக் கேட்பது இனி பலிக்காது. நாங்கள் அதை விட்டுவிட்டு, மாதம் ஒரு பிள்ளையின் பாடச் செலவு 484 என்று சொல்லிக் கேட்டோம். 9 பேர் 21 பேர் ஆனார்கள், சராசரி ஆளுக்கு 450.

குடியாத்தத்தில் பிறந்து அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தந்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது, குடியுரிமை மாறியவர் தந்தால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். வெளிநாட்டு நிதி வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்குக் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவருடைய அப்பா இன்னும் ஊரில்தான் இருக்கிறார், அவர் தன் பென்ஷனிலிருந்து மாதம் 500 தருகிறார்.

கூட வாடகையிலும் ஒரு எல்லை உண்டு. கலை வளர்ப்பு வருமான வரிச் சட்டத்தில் பொதுநல நோக்கம் என்ற வகையில் வருகிறது. அந்த வகைச் சங்கம் வியாபாரமாகச் சம்பாதிப்பது மொத்த வரவில் நூற்றுக்கு 20-ஐத் தாண்டினால் அந்த வருஷம் விலக்கு போய்விடும். அடக்கச் செலவுக்கோ கொஞ்சம் மேலாகவோ வாங்குகிற கட்டணம் வியாபாரம் ஆகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது, அதனால் பிள்ளைகள் கட்டணத்தில் எங்களுக்குப் பயம் இல்லை. வளைகாப்புக்கு விடுகிற வாடகை அப்படி இல்லை. வருமானத்தைப் பெருக்கக் கூடத்தை மண்டபம் மாதிரி விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், அதற்கு நான் சம்மதிக்கவில்லை. விசேஷங்களைப் பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் வைக்கிறார்கள், பிள்ளைகள் வகுப்பும் அன்றைக்குத்தான். எத்தனை வாரம் மிருதங்க வகுப்பை வெளியே வேப்பமரத்தடியில் நடத்தினார்கள் என்று நோட்டில் பார்த்தேன். வாடகையை மாதம் 3,500-ஓடு நிறுத்திக்கொண்டோம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலை வளர்ப்பு தெளிவாகவே இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போனோம். மரியாதையாகப் பேசினார்கள். தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்லிச் சட்டமே சொல்கிறது, நீங்கள் வேற மாவட்டமாச்சே என்றார்கள். 2019-க்கு முன்னால் வந்திருந்தால் ஒரே மாவட்டம். எங்கள் பிள்ளைகளில் சிலருடைய பாட்டி வீடு அந்தத் தொழிற்சாலை இருக்கிற ஊரில்தான்.

2025 மார்ச் 31

இரண்டு வருஷம் கழித்து அதே பாஸ்புக்கில் இருப்பு ரூ. 2,36,500. முன்பு இருந்ததைவிட 1,76,100 குறைவு. பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, நீங்கள் வந்த பிறகு பாதிக்குப் பாதி குறைந்துபோச்சே என்று கேட்டார், கேட்டது நியாயம். கூரைப் பணம் வட்டி, புது வசூல் சேர்ந்து 1,62,000, மிருதங்க டெபாசிட் 16,000, பொதுப் பணம் 58,500. யாருக்கும் பாக்கி இல்லை. 1,800 இருந்த இடத்தில் 58,500 என்று விளக்கினேன். வாத்தியார்கள் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தியதில் மாதச் செலவு 33,000 ஆகிவிட்டது. அதனால் இந்தப் பொதுப் பணம் ஒன்றே முக்கால் மாதம் தாங்கும். மூன்று மாதம் தாங்குகிற அளவுக்கு, அதாவது 99,000-க்குக் கொண்டு வர வேண்டும் என்பது கமிட்டியின் தீர்மானம். மாதம் 5-ம் தேதிக்குள் வாத்தியார்கள் சம்பளம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்று இன்னொரு தீர்மானம், அது இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை.

தோல் வியாபாரப் பெரியவர் 2024 தையில் முழுதாகத் தந்தார், 2025 தையில் வியாபாரம் சரியில்லை என்று 75,000 தான் தந்தார். முன்பு அவர் பணம் மொத்த வரவில் நூற்றுக்கு 45. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படிப் பாதியாக்கியிருந்தால் மையத்தைப் பூட்டியிருப்போம். 2024-25-ல் மொத்த வரவு, முகாம் மிச்சத்தையும் மையத்துப் பிள்ளைகள் பள்ளிகளிலும் கோயில்களிலும் ஆடியதில் மிஞ்சிய 30,000-ஐயும் சேர்த்து, 4,20,000. அதில் அவர் பங்கு நூற்றுக்கு 18. அவர் நிறுத்திவிட்டாலும் ஆறேழு மாதம் சமாளித்து வேறு வழி தேட முடியும் என்று இப்போது நம்புகிறேன்.

முடியாதது ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பின்னால் மூன்று டிரங்குப் பெட்டிகள். கிரீடங்கள், புஜக்கீர்த்திகள், சலங்கை, திரை எல்லாம் அதில்தான். சொத்துப் பட்டியலில் தேய்மானம் கழித்துக் கழித்து அவற்றின் மதிப்பு 3,100 ரூபாய் என்று நிற்கிறது. 2021 மழையில் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு கிரீடத்தின் கண்ணாடிகள் பாதி உதிர்ந்து, கட்டையில் வெடிப்பு விட்டிருக்கிறது. புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் அந்த 3,100-ஐ வைத்துக்கொண்டு ஒரு கிரீடத்தைக் கூட நினைக்க முடியாது. அதற்கென்று மாதம் ஏதாவது ஒதுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதுகிறேன், இன்னும் ஆரம்பிக்க முடியவில்லை.

கூரை முழுவதும் மாற்ற மேஸ்திரி சொன்ன கணக்கு 3,10,000. இன்னும் இரண்டு வருஷம் வசூல் செய்து மொத்தமாகச் செய்யலாம் என்று ஒரு பக்கம், மூன்று மழையைத் தாண்டிவிட்டோம், நாலாவது மழையைப் பெட்டி தாங்காது என்று இன்னொரு பக்கம். கடைசியில் மேடையும் பெட்டிகளும் இருக்கிற பாதியை மட்டும் 1,55,000-க்கு முதலில் மாற்றுவதாக முடிவாயிற்று. பாரதம் முடிந்து வாத்தியார்கள் ஊருக்கு வந்ததும், ஆவணியில் வேலை. மேஸ்திரிக்கு அச்சாரம் 10,000 கொடுத்தாயிற்று, மார்ச்சுக்குப் பிறகு கூரைக்கென்று தனியாகத் திறந்த கணக்கிலிருந்து. வவுச்சரில் "கூரை" என்று எழுதி அக்காவே கையெழுத்துப் போட்டார்.